ஓவர்க்ளாக்கும் வேண்டும், கேமும் வேண்டும்: ரைசன் 9800எக்ஸ்3டி-யா, கோர் அல்ட்ரா 265கே-யா?

மின்மினி_பிசி

வணக்கம் நண்பர்களே. பழைய கணினியை அடியோடு மாற்றுகிறேன். கழித்துக் கழித்து இரண்டு ப்ராசஸர்களில் வந்து நிற்கிறேன்: ஏஎம்டி ரைசன் 7 9800எக்ஸ்3டி, இன்டெல் கோர் அல்ட்ரா 7 265கே. மதர்போர்டு, ரேம் எல்லாம் சேர்த்துக் கூட்டினால் 265கே பக்கம் கொஞ்சம் மிச்சமாகிறது. அதை வைத்து முடிவெடுக்க விரும்பவில்லை.

ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ ஏற்கனவே கையில் இருக்கிறது. மானிட்டர் 1440பி, 240 ஹெர்ட்ஸ். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 தினமும் உண்டு. ஃபேக்டோரியோவில் பெரிய தொழிற்சாலை ஒன்று வளர்ந்துகொண்டே போகிறது. நடுவில் சைபர்பங்க் 2077 மாதிரி கனமான கேம்கள். வீடியோ எடிட்டிங் எப்போதாவது.

ஓவர்க்ளாக் (சிப்பை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்து பழக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. குழப்பமே அங்கேதான். கேமுக்கு எக்ஸ்3டி (கேஷ் என்னும் அதிவேக உள் நினைவகத்தைக் கூடுதலாக அடுக்கிய ஏஎம்டி சிப்) என்கிறார்கள். ஆனால் எக்ஸ்3டி பூட்டிய சிப், அதில் ஓவர்க்ளாக் கிடையாது என்றும் சொல்கிறார்கள். எது உண்மை?

நள்ளிரவு_ஆட்டக்காரன்

9800எக்ஸ்3டி. அடுத்த கேள்வி?

சூடுதாங்கி

@நள்ளிரவு_ஆட்டக்காரன் இப்படிப் பதில் சொன்னால் அவர் எதை வைத்துப் புரிந்துகொள்வார்?

மின்மினி, பூட்டு விஷயத்தை முதலில் தீர்த்துவிடலாம். நீங்கள் கேள்விப்பட்டது பழைய கதை. 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி முழுக்கப் பூட்டியது. 2023-இல் வந்த 7800எக்ஸ்3டி-யில் மல்டிப்ளையர் (கோர் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கல் எண்) பூட்டியது, கர்வ் ஆப்டிமைசர் (கோரின் வோல்டேஜைக் குறைக்கும் வசதி) மட்டும் திறந்திருந்தது. இரண்டிலும் கூடுதல் கேஷ் அடுக்கு மேலே ஒட்டப்பட்டிருந்தது. கோர்களின் சூடு மேலே இருந்த சிலிக்கானைத் தாண்டித்தான் கூலருக்குப் போக வேண்டும். வோல்டேஜையும் அதிகம் ஏற்ற முடியாது. அதனால் பூட்டினார்கள்.

2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் அடுக்கைத் தலைகீழாக்கிவிட்டார்கள். 64 எம்பி கேஷ் கீழே, கோர்கள் மேலே. சூடு நேராகக் கூலருக்குப் போகிறது. மல்டிப்ளையரும் திறந்துவிட்டது, பிபிஓ-வும் (சிப் தானாக ஏறும் வேகத்தின் வரம்பை உயர்த்தும் ஏஎம்டி வசதி) உண்டு. ஆக ஓவர்க்ளாக் முடியுமா என்றால் முடியும். அதில் என்ன கிடைக்கும் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

பழைய_செலரான்

அதையே கேட்க வந்தேன். என்ன கிடைக்கும்?

1998-இல் செலரான் 300ஏ என்று ஒன்று இருந்தது. பஸ் வேகத்தை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடும். ஒன்றரை மடங்கு, இலவசமாக! 2011-இல் ஐ5-2500கே. 3.3 கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டியில் எழுதியிருக்கும், சாதாரண ஏர் கூலரிலேயே 4.5 தொடுவார்கள். ஓவர்க்ளாக் என்றால் அது. மலிவான சிப் வாங்கி விலையுயர்ந்த சிப்பின் வேலையை வாங்குவது.

இப்போது கம்பெனிகளே எல்லாவற்றையும் பிழிந்து எடுத்துத்தான் டப்பாவில் போடுகின்றன. 9800எக்ஸ்3டி தானாகவே 5.2 கிகாஹெர்ட்ஸ் போகும். பிபிஓ-வில் அதிகபட்சம் 200 மெகாஹெர்ட்ஸ் கூட்டலாம். கணக்குப் போட்டால் 4 சதவீதம்கூட இல்லை. 265கே-யும் அப்படித்தான். பி-கோர்கள் (வேகமான பெரிய கோர்கள்) அதிகபட்சம் 5.4, இரண்டு கோர் மட்டும் 5.5 வரை. எல்லாவற்றையும் 5.6-க்குக் கொண்டுபோனாலும் அந்த 5.4-ஐவிட 4 சதவீதம்கூட இல்லை. கேமில் அதிலும் பாதிதான் தெரியும். ஓவர்க்ளாக்கை மறந்துவிட்டுக் கேமுக்கு எது நல்லதோ அதை வாங்குங்கள்.

ரேம்_கொல்லன்

ஐயா, கோர் வேகம் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஓவர்க்ளாக் செத்துவிட்டது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அது கோரை விட்டு ரேமுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

265கே-யை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரே சிப் அல்ல, பல துண்டுகளை ஒட்டியது. கோர்கள் ஒரு துண்டில், மெமரி கன்ட்ரோலர் இன்னொரு துண்டில். கோருக்கு ரேமிலிருந்து ஏதாவது வேண்டுமென்றால் துண்டு விட்டுத் துண்டு தாண்டிப் போய்வர வேண்டும். அதனால்தான் 2024 அக்டோபரில் வெளியானபோது பல கேம்களில் முந்தைய தலைமுறை 14700கே-யிடமே தோற்றது. கேமில் எதிர்பார்த்தது வரவில்லை என்று இன்டெல்லே பிறகு ஒப்புக்கொண்டது.

ஆனால் அந்தப் பாதையின் வேகம் நம் கையில் இருக்கிறது. துண்டுகளுக்கு இடையிலான டி2டி இணைப்பு இயல்பில் 2.1 கிகாஹெர்ட்ஸ், மெமரி கன்ட்ரோலர் இருக்கும் துண்டின் உள் இணைப்பான என்ஜியூ 2.6. இரண்டையும் 3.2-க்கு ஏற்றலாம். ரேமை டிடிஆர்5-8000-க்குக் கொண்டுபோகலாம். 2025 ஏப்ரலில் இன்டெல்லே இதற்கு 200எஸ் பூஸ்ட் என்று பெயர் வைத்து, பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) ஒரே ஸ்விட்சாகத் தந்துவிட்டது. வாரன்டியும் போகாது. அதற்குமேல் ரிங் (கோர்களையும் கேஷையும் இணைக்கும் பாதை) வேகம், ரேம் டைமிங் (ரேமின் காத்திருப்பு நேர எண்கள்) என்று கையால் முறுக்கிக்கொண்டே போகலாம். என் 265கே-யில் மெமரி லேட்டன்சி (ரேமிலிருந்து தரவு வந்துசேரும் தாமதம்) 80 நானோவினாடிக்குப் பக்கத்தில் இருந்தது, இப்போது 70-க்குக் கீழே. கேமில் குறைந்தபட்ச எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஏறியது.

திருகிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு இதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் இப்போது சந்தையில் இல்லை.

நள்ளிரவு_ஆட்டக்காரன்

எல்லாம் திருகி முடித்த பிறகு, பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டிய 9800எக்ஸ்3டி-யை உங்கள் 265கே எட்டிப் பிடித்ததா?

ரேம்_கொல்லன்

அவர் சொன்ன கேம்களில் பிடிக்காது. மறைக்க ஒன்றுமில்லை. இடைவெளி குறையும், மூடாது.

நள்ளிரவு_ஆட்டக்காரன்

அவ்வளவுதான் என் கட்சி. 9800எக்ஸ்3டி-யில் எல்3 கேஷ் 96 எம்பி. 265கே-யில் 30. நீங்கள் ரேமுக்குப் போகும் பாதையை வேகமாக்குகிறீர்கள். எக்ஸ்3டி ரேமுக்குப் போகும் அவசியத்தையே குறைத்துவிடுகிறது. ஃபேக்டோரியோவில் ஆயிரக்கணக்கான பெல்ட், கை, ரயில் எல்லாவற்றின் நிலையையும் ஒவ்வொரு டிக்கிலும் (கேமின் ஒரு கணக்குச் சுற்று) கணக்கிட வேண்டும். அதில் பெரும்பகுதி கேஷுக்குள் அடங்கினால் போதும், பறக்கும். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-உம் கேஷ் பிரியன்தான்.

அளவுகோல்

நடுவில் ஒரு வார்த்தை. ஃபேக்டோரியோ பற்றிச் சொன்னது பாதி உண்மை. நடுத்தரத் தொழிற்சாலை வரைக்கும் எக்ஸ்3டி-க்குப் பெரிய சாதகம். தொழிற்சாலை ராட்சத அளவுக்குப் போனால் தரவு 96 எம்பிக்குள்ளும் அடங்காது. அப்போது ரேம் வேகமும் பேச ஆரம்பிக்கும், முன்னிலை சுருங்கும். இணையத்தில் சுற்றும் பல ஒப்பீட்டுப் படங்கள் சின்ன மேப்பை வைத்து எடுத்தவை. உங்கள் தொழிற்சாலை எந்த அளவு என்று பாருங்கள்.

அப்புறம், ப்ராசஸர் ஒப்பீடுகளை எல்லோரும் 1080பி-யில், கையில் கிடைக்கும் மிகப் பெரிய கிராபிக்ஸ் கார்டை வைத்துத்தான் எடுக்கிறார்கள். அதில் தவறில்லை. கிராபிக்ஸ் கார்டு குறுக்கே நிற்காமல் இருந்தால்தான் ப்ராசஸரின் வித்தியாசம் வெளியே தெரியும். ஆனால் அந்த எண்களை அப்படியே உங்கள் மேசைக்கு இறக்கக் கூடாது. 1440பி-யில், பாத் ட்ரேசிங் (ஒளியைக் கதிர் கதிராகக் கணக்கிடும் கனமான செட்டிங்) போட்டு, 5070 டிஐ வைத்து சைபர்பங்க் ஓட்டினால் இரண்டு ப்ராசஸரும் ஒன்றுதான். கார்டுதான் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் சராசரியைப் பார்க்காதீர்கள். 240 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு இரண்டுமே சராசரியில் 240-ஐ எளிதாகத் தாண்டும். புகைக்குண்டும் துப்பாக்கிச் சூடும் சேர்ந்து நடக்கும் அந்த நொடியில் எஃப்பிஎஸ் எவ்வளவுக்கு விழுகிறது என்பதுதான் கையில் தெரியும். அது 1% லோ (மிக மெதுவான 1% ஃப்ரேம்களின் எஃப்பிஎஸ்) என்ற எண்ணில் இருக்கும். அங்கே எக்ஸ்3டி தெளிவாக முன்னால் நிற்கிறது. நீங்கள் தினமும் ஆடுவது அதுதான் என்பதால், என் ஓட்டும் அதற்கே.

மின்மினி_பிசி

அருமை, நிறைய தெளிந்தது. தொழிற்சாலை ராட்சத அளவெல்லாம் இல்லை, நடுத்தரம்தான்.

வீடியோ எடிட்டிங்கில் எப்படி? இன்டெல் சிப்கள் தானாகக் கெட்டுப்போகின்றன என்று ஒரு பேச்சு ஓடியதே, அது 265கே-க்கும் பொருந்துமா?

சூடுதாங்கி

பொருந்தாது. அது 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களின் பிரச்சினை. அளவுக்கு மீறிய வோல்டேஜால் சிப் மெல்ல மெல்லத் தேய்ந்தது. 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோட் (சிப்பை இயக்கும் உள் மென்பொருள்) திருத்தங்கள் வந்தன. பாதிக்கப்பட்ட சிப்களுக்கு வாரன்டியை 2 ஆண்டு நீட்டித்தார்கள். 265கே வேறு வடிவமைப்பு, வேறு தயாரிப்பு முறை. அதில் அந்தக் கோளாறு இல்லை.

நியாயமாகப் பேசினால் மறுபக்கமும் சுத்தம் என்று சொல்ல முடியாது. 2023-இல் எஸ்ஓசி வோல்டேஜ் (மெமரி கன்ட்ரோலர் பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) எகிறி 7800எக்ஸ்3டி-கள் கருகின. பிறகு பயாஸ் வழியாக 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு போட்டார்கள். 2025-இல் சில மதர்போர்டுகளில் 9800எக்ஸ்3டி திடீரென்று செத்துப்போனதாகவும் நிறைய புகார்கள் வந்தன. எந்தப் பக்கம் போனாலும் ப்ராசஸர் மாட்டியதும் முதல் வேலை பயாஸ் அப்டேட். கேமெல்லாம் அப்புறம்.

எடிட்டிங்கில் 265கே-தான். அதில் 8 பி-கோர், 12 இ-கோர் (மின்சாரம் குறைவாக எடுக்கும் சின்ன கோர்), ஆக 20. எக்ஸ்3டி-யில் 8 கோர், 16 த்ரெட். சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனையில் 9800எக்ஸ்3டி சுமார் 23,000 எடுக்கும், 265கே 35,000-ஐத் தாண்டும். அதோடு உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸில் க்விக் சிங்க் (வீடியோவைக் கையாளும் தனிச் சுற்று) உண்டு, வீடியோ டைம்லைன் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் எப்போதாவது என்று நீங்களே சொல்கிறீர்கள். என்கோடிங்கை உங்கள் 5070 டிஐ-யே பார்த்துக்கொள்ளும்.

புதுமுகம்22

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே குழப்பம்தான். கூலர் எந்த அளவு வேண்டும்? எந்த மதர்போர்டிலும் ஓவர்க்ளாக் செய்யலாமா?

சூடுதாங்கி

மதர்போர்டில் கவனம் தேவை. இன்டெல்லில் கோர் வேகத்தைக் கூட்ட இசட்890 சிப்செட் கட்டாயம். பி860-இல் ரேம் வேகத்தை ஏற்றலாம், கோரைத் தொட முடியாது. 265கே வாங்கிவிட்டு பி860-இல் மாட்டினால், பூட்டில்லாத சிப் என்று சொல்லும் அந்த 'கே'-க்கு அர்த்தமே இல்லை. ஏஎம்டி-யில் பி650, பி850, எக்ஸ்870 எல்லாவற்றிலும் கோர் ஓவர்க்ளாக் உண்டு. ஏ620-இலும் பி840-இலும் கிடையாது. பி850-க்கும் பி840-க்கும் எண் பக்கத்தில் இருப்பதால் கடையில் ஏமாறாதீர்கள்.

கூலர்: எக்ஸ்3டி-க்கு நல்ல இரட்டைக் கோபுர ஏர் கூலரே போதும். இயல்பில் அதன் மின் உச்சவரம்பு 162 வாட். 265கே 250 வாட் வரை போகும், அதை முழுச்சுமையில் ஓட்டி ஓவர்க்ளாக்கும் செய்வதென்றால் 360 மிமீ வாட்டர் கூலர் நல்லது. கேமில் இரண்டுமே அந்த உச்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

ரேம்_கொல்லன்

ஒரு கேள்விக்கு இன்னும் யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. மின்மினி ஓவர்க்ளாக் பழக வேண்டும் என்கிறார். எஃப்பிஎஸ்ஸுக்காகவா, பழகுவதற்காகவா? எஃப்பிஎஸ்ஸுக்காக என்றால் நானே சொல்கிறேன், எக்ஸ்3டி வாங்கிவிட்டு நிம்மதியாக ஆடுங்கள். சனிக்கிழமை முழுக்கப் பயாஸில் உட்கார்ந்து, ஒரு டைமிங்கைக் குறைத்து, டெஸ்ட் ஓட்டி, கிராஷ் ஆகி, திரும்ப ஏற்றி, மறுபடி ஓட்டுவதில் சுகம் காண்கிறவர் என்றால் எக்ஸ்3டி அவருக்குச் சீக்கிரம் சலித்துவிடும். பெரிய கேஷ் இருப்பதால் ரேமை எவ்வளவு முறுக்கினாலும் கேமில் பெரிதாக அசையாது. டிடிஆர்5-6000 சிஎல்30 ரேம் போட்டதும் வேலை ஏறக்குறைய முடிந்தது.

அளவுகோல்

முடிந்தது என்று சொல்ல மாட்டேன். எக்ஸ்3டி-யில் வேலை வேறு மாதிரி, வேகத்தைக் கூட்டுவது இல்லை, வோல்டேஜைக் குறைப்பது. கர்வ் ஆப்டிமைசரில் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக மைனஸ் எண் கொடுக்கலாம். வோல்டேஜ் குறைந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் சிப் தானாகவே உச்ச வேகத்தில் நீண்ட நேரம் நிற்கும். ரைசன் 9000 வரிசையோடு கர்வ் ஷேப்பர் என்றும் ஒன்று வந்தது. எந்த வேகத்தில், எந்த வெப்பத்தில் எவ்வளவு வோல்டேஜ் என்று வளைவையே துண்டு துண்டாகச் செதுக்கலாம். உயர்தர போர்டுகளில் தனி க்ளாக் ஜெனரேட்டரும் (அடிப்படை க்ளாக் துடிப்பைத் தரும் சிப்) உண்டு, பிபிஓ-வின் 200 மெகாஹெர்ட்ஸ் எல்லையைத் தாண்ட நினைப்பவர்கள் அந்த வழியில் போகிறார்கள். பொழுதுபோகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. வோல்டேஜ் குறைத்த கோர் முழுச்சுமையில் விழாது. சினிபெஞ்ச் மணிக்கணக்கில் ஓடும், எல்லாம் சரி என்று நினைப்பீர்கள். அப்புறம் சும்மா பிரவுசரைத் திறக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். ஏனென்றால் சுமை குறைவாக இருக்கும்போதுதான் ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது, அங்கேதான் வோல்டேஜ் போதாமல் போகிறது. அதனால் கோர்சைக்ளர் மாதிரி ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் மென்பொருளை இரவு முழுக்க ஓட விடுங்கள். விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் டபிள்யுஎச்இஏ (வன்பொருள்) பிழை வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எந்தக் கோர் தடுமாறியது என்று பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

பழைய_செலரான்

இதைத்தான் நான் சொன்னேன். 4 சதவீதத்துக்காக இரவு முழுக்கச் சோதனை.

அளவுகோல்

நீங்கள் 300ஏ-வைச் சோதிக்காமலா ஓட்டினீர்கள்?

பழைய_செலரான்

க்வேக் ஓடினால் சோதனை முடிந்தது. அந்தக் காலம் அப்படி.

மின்மினி_பிசி

ரேம்_கொல்லன் கேட்ட கேள்வியை யோசித்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், பழக ஆசை இருக்கிறது, ஆனால் வார இறுதி முழுக்கப் பயாஸில் உட்காரும் ஆள் நான் இல்லை. மாலையில் உட்கார்ந்தால் கேம் ஓட வேண்டும். ஒரு தடவை நன்றாகச் செட் செய்துவிட்டு மறந்துவிட வேண்டும். அப்படியானால் 9800எக்ஸ்3டி, பி850 போர்டு, டிடிஆர்5-6000 சிஎல்30 என்று முடிவு செய்கிறேன்.

ரேம் 16 ஜிபி நான்கு குச்சிகள் போடலாமா? எதை முதலில் தொட வேண்டும்? வாரன்டி என்னாகும்?

நள்ளிரவு_ஆட்டக்காரன்

முதல் பதிவிலேயே சொன்னேன். :)

சூடுதாங்கி

நான்கு குச்சி வேண்டவே வேண்டாம். ஏஎம்5-இல் (இந்த ஏஎம்டி சிப் உட்காரும் சாக்கெட்) நான்கு குச்சி மாட்டினால் ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் டிடிஆர்5-3600 மட்டுமே. இரண்டு குச்சிக்கு 5600. அதற்குமேல் போவதெல்லாம் உங்கள் அதிர்ஷ்டம், போர்டின் தரம். 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி குச்சி இரண்டு வாங்குங்கள்.

வாரன்டி: ஏஎம்டி-யின் கணக்கில் பிபிஓ மட்டுமல்ல, ரேமுக்கு எக்ஸ்போ (ரேமை அதன் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) போடுவதும் ஓவர்க்ளாக்தான், அதனால் வரும் சேதத்துக்கு வாரன்டி கிடையாது. நடைமுறையில் எல்லோரும் எக்ஸ்போ போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். தெரிந்துகொண்டு போடுங்கள்.

சாக்கெட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏஎம்5 2022-இல் வந்தது. அப்போது வாங்கிய போர்டிலும் பயாஸ் அப்டேட் செய்தால் 9800எக்ஸ்3டி உட்காரும். 2027 வரைக்கும், அதற்குப் பிறகும் ஏஎம்5-க்கு ஆதரவு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அடுத்த முறை மாற்றும்போது போர்டும் ரேமும் மிஞ்சலாம்.

அளவுகோல்

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் அப்டேட் முடித்து, எதையும் தொடாமல் விண்டோஸ் போட்டு, கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஒரே மேப்பை, ஒரே செட்டிங்கில் ஓட்டி 1% லோ எவ்வளவு என்று குறித்து வையுங்கள். இந்த எண் இல்லாமல் பிறகு செய்யும் எதுவும் பலன் தந்ததா என்று தெரியாது.

அதன்பிறகு எக்ஸ்போ. போட்டதும் எஸ்ஓசி வோல்டேஜ் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 1.3-ஐத் தாண்டக் கூடாது, 6000-க்கு அதைவிடக் குறைவே பெரும்பாலும் போதும். மெமரி கன்ட்ரோலர் ரேமோடு ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் ஓடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். டெஸ்ட்மெம்5 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஓட்டி ஒரு பிழைகூட வராவிட்டால்தான் அடுத்த படி. ஒரு பிழை என்பது சின்ன விஷயம் இல்லை. நிலையில்லாத ரேம் சத்தமில்லாமல் ஃபைல்களைக் கெடுக்கும், உங்கள் ஃபேக்டோரியோ சேவ் ஃபைல் உட்பட. சேவ் ஃபோல்டரை முன்பே வேறு டிரைவுக்கு நகல் எடுத்து வையுங்கள்.

கடைசியில்தான் கர்வ் ஆப்டிமைசர். எல்லாக் கோருக்கும் மைனஸ் 15 என்று தொடங்குங்கள். கோர்சைக்ளர் தாண்டினால் மைனஸ் 20. யாரோ மைனஸ் 40-இல் ஓடுகிறது என்று படம் போட்டிருப்பார்கள். அவர்கள் எதை வைத்துச் சோதித்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. 200 மெகாஹெர்ட்ஸ் கூட்டலை இதோடு சேர்த்துப் போடாதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் கிராஷ் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

ரேம்_கொல்லன்

நான் ஆதரித்தவன் தோற்றுவிட்டான், பரவாயில்லை. அளவுகோல் சொன்ன வரிசையில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எக்ஸ்போ நிலையாக ஓடிய பிறகு, ட்ரெஃபி என்ற டைமிங்கை மட்டும் 65535-க்கு ஏற்றிப் பாருங்கள். ரேம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள எவ்வளவு இடைவெளியில் நிற்கிறது என்பது அது. இடைவெளி கூடினால் வேலை செய்யும் நேரம் கூடும். ஒரே ஒரு எண்தான், வார இறுதி போகாது. ஆனால் ரேம் குச்சி சூடாக ஆக அதில் பிழை வரும். சோதனையைக் கிராபிக்ஸ் கார்டு முழுச்சுமையில் ஓடும்போதே செய்யுங்கள், கார்டின் சூடான காற்று நேராக ரேம் மேல்தான் அடிக்கும். குச்சிகள் 55 டிகிரியைத் தாண்டினால் எண்ணைப் பாதியாக்குங்கள், இல்லையென்றால் ரேமுக்கு மேலே சின்ன ஃபேன் ஒன்றைக் கட்டுங்கள்.

மின்மினி_பிசி

ட்ரெஃபியை எழுதி வைத்துக்கொண்டேன். போர்டு வந்ததும் முதலில் எக்ஸ்போ இல்லாத 1% லோ, அப்புறம் எக்ஸ்போ போட்ட 1% லோ, இரண்டையும் இங்கே போடுகிறேன்.

புதுமுகம்22

எனக்கு எடிட்டிங்தான் முக்கால்வாசி வேலை, கேம் கால்வாசி. அப்போது 265கே, இசட்890 என்று போகலாமா?

ரேம்_கொல்லன்

தாராளமாக. ரேம் மட்டும் சியுடிஐஎம்எம் வகை குச்சியாகப் பாருங்கள். அதில் க்ளாக் சிக்னலைச் சீராக்கும் சிப் குச்சியிலேயே இருப்பதால் 8000-க்கு மேல் நிலையாக நிற்கும். பயாஸில் 200எஸ் பூஸ்ட் ஸ்விட்சைப் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், மிச்சத்தைப் பேசலாம்.